பொதுமக்கள் கூடும் இடம்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவில் பேச வருகிறோம், பேசுபொருள் சென்னை நகரத்துப் பூங்காக்கள் என்று தெரிவித்தபோது தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வேங்கைவயல் இருக்கிறது, ஆணவக் கொலைகள் இருக்கின்றன, பஞ்சமி நிலம் இருக்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டுப் பூச்செடியும் புல்தரையுமா என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நூறு ஆண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1924ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலையார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச்சாலையில், தெருவில், பாதையில் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றுக்குச் சாதி இந்துக்கள் போகிற மாதிரியே ஒடுக்கப்பட்டவர்களும் போகலாம் என்பது அதன் சாரம். அது நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையாகவும் வந்தது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1927இல் அண்ணல் மகாடு சவுதார் குளத்தில் இறங்கினார். நம் ஊர்த் தீர்மானத்துக்கு அப்படியொரு குளம் வாய்க்கவில்லை. அதனாலோ என்னவோ நம் பாடப்புத்தகங்களில் அது ஒரு வரிக்கு மேல் வளரவே இல்லை.

தீர்மானத்தில் தெருவும் கிணறும் குளமும் இருப்பதை எல்லோரும் சொல்கிறோம். பட்டியலின் வாலில் இருக்கும் 'பொதுமக்கள் கூடும் இடம்' என்பதைப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, அவற்றோடு அதே பொதுமக்கள் கூடும் இடம். 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் சுடுகாட்டோடு சேர்த்து மறுபடியும் அதே சொற்கள். தண்ணீர் உயிருக்கு வேண்டும், தெரு பிழைப்புக்கு வேண்டும். பொதுமக்கள் கூடும் இடம் எதற்கு வேண்டும்? ஒரு வேலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை வாங்குவதற்கு மட்டுமே ஊருக்குள் விடப்பட்ட ஒரு மக்களுக்காக, வேலையில்லாமல் உட்காரும் உரிமையையும் கேட்டவர் தாத்தா. பூங்காவைப் பேச அவர் நினைவுநாளைவிடப் பொருத்தமான நாள் நமக்குத் தெரியவில்லை.

சென்னையின் முதல் பெரிய பூங்காவுக்கே 'மக்கள் பூங்கா' என்றுதான் பெயர். பீப்பிள்ஸ் பார்க். ஆளுநர் டிரெவிலியன் காலத்தில், 1859–60இல் தொடங்கியது. இப்போதைய சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்தது. குளங்கள் இருந்தன, உயிரியல் பூங்கா இருந்தது. 'உயிர் காலேஜ்' என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதுதான். பார்க் டவுன் என்ற பேட்டைப் பெயரும், பார்க் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையப் பெயரும் அந்தப் பூங்காவின் மிச்சம். பெயர் மிஞ்சியது, பூங்கா மிஞ்சவில்லை. விக்டோரியா மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913இல் மாநகராட்சிக்கு ரிப்பன் கட்டடம் வந்தது, பிறகு விளையாட்டரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகம் வாங்கிப் படித்து மேலே வந்த நம் மூத்த தோழர்கள் பலருக்கு அது நூலகம் எரிந்த மாதிரி. கடைக்காரர்களுக்கு மாற்று இடமாக எழுந்தது அல்லிக்குளம் வணிக வளாகம். பூங்காவின் குளம் ஒன்று அங்கே கட்டடமாகிவிட்டது, பெயரில் மட்டும் அல்லி. அதே ஆண்டு உயிரியல் பூங்கா வண்டலூருக்குப் போனது. 'மை லேடீஸ் கார்டன்' என்று ஒரு துண்டு மட்டும் ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. மக்கள் பூங்காவில் துரைசானி தோட்டம் மட்டும் தப்பித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டிய செய்திதான்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறோம் என்றால், பசுமைவெளியைத் தின்றது யார் என்ற கேள்வி வரும்போதெல்லாம் விரல் கூவம் கரைக் குடிசையைத்தான் நீட்டுகிறது. மக்கள் பூங்காவின் நூறு ஏக்கரைத் தின்றதில் ஒரு குடிசைக்கும் பங்கு கிடையாது. தண்டவாளமும் மண்டபமும் அலுவலகமும் தின்றன. தியாகராய நகர் 1920களில் எழுந்ததே ஏரியைத் தூர்த்துத்தான். அங்கே நடுவில் பூங்கா வைத்துப் பனகல் அரசர் பெயரைச் சூட்டினார்கள். இரட்டைமலையார் தீர்மானம் கொண்டுவந்தபோது முதன்மை அமைச்சராக இருந்தவர் அந்தப் பனகல் அரசர்தான். ஒரு பக்கம் பொதுமக்கள் கூடும் இடம் எல்லோருக்கும் என்று அரசாணை. இன்னொரு பக்கம் நடுவில் பூங்காவும் சுற்றிலும் மனைகளுமாகப் புதுப் பேட்டை. அந்த மனைகளை வாங்க யாரிடம் பணம் இருந்தது என்பது அரசாணைக்குள் அடங்காத விஷயம்.

இங்கே சட்டநுணுக்கம் ஒன்றைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், மாணவர்கள் முக்கியமாக. நகரத்தில் பூங்கா எப்படிப் பிறக்கிறது? பெரும்பாலும் ஓ.எஸ்.ஆர். நிலத்திலிருந்து பிறக்கிறது. திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் என்று பெயர். ஒரு மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மிச்சமுள்ள பரப்பில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கு விடவேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்டது என்றால் நிலத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடவும் வழியிருக்கிறது. பெரிய மனைப்பிரிவு என்றால் நிலத்தையே உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். நல்ல விதி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் சேரி மனைப்பிரிவாகப் பிறந்ததா? வியாசர்பாடியும் புளியந்தோப்பும் வரைபடம் போட்டு அங்கீகாரம் வாங்கி விற்ற மனைகளா? வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது ஆலைப் பக்கத்தில், தண்டவாளப் பக்கத்தில், குப்பைமேட்டுப் பக்கத்தில் தானாக வளர்ந்த குடியிருப்புகள் அவை. அங்கீகாரம் இல்லாத இடத்தில் 10 விழுக்காடு எங்கிருந்து வரும்? மனை வாங்குகிறவர்கள் இருக்கும் இடத்தில் பூங்கா பிறக்கிறது. எவரும் வஞ்சம் வைத்துச் செய்ய வேண்டியதில்லை, விதி தன் வேலையைச் செய்கிறது. எந்தப் பேட்டையில் எத்தனை பூங்கா என்று ஒரு வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்துப் பார்த்தால், சாதி என்ற சொல் எங்கும் எழுதப்படாமலே சாதி தெரியும்.

அப்படியானால் நம் மக்களுக்குத் திறந்தவெளியே இல்லையா? இருந்தது. அதற்குப் புறம்போக்கு என்று பெயர். குளக்கரை, மந்தைவெளி, ஆற்றோரம், சுடுகாடு. யாருக்கும் பட்டா இல்லாததால் எல்லோருக்கும் ஆன நிலம். அந்தச் சொல்லையே நம்மைத் திட்டுவதற்கு எடுத்துக்கொண்டார்கள். வடசென்னைப் பிள்ளைகள் பந்தாடிப் பழகியது இப்படிப்பட்ட இடங்களில்தான். வியாசர்பாடி கால்பந்தைப் பற்றி இப்போது ஊரெல்லாம் பெருமையாக எழுதுகிறார்கள், அந்தக் கால்கள் எந்த மண்ணில் ஓடின என்று எழுதுவதில்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தி எதிர்ப்புப் போரில் 1939இல் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான மண். நடராசன் நம் வீட்டுப் பிள்ளை. அந்தச் சுடுகாட்டில் ஒரு பகுதியை எடுத்துத்தான் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். வீடில்லாத ஏழைக்கு வீடு கொடுக்கச் சுடுகாட்டு நிலம் அகப்படுகிறது. கோல்ஃப் மைதானம் அகப்படுவதில்லை, கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் மேல் அந்த நோக்கில் கை வைப்பதில்லை.

இனி ஆற்றங்கரைக்கு வருவோம். அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் ஒரு சூழல் பூங்கா அமைக்க 'அடையாறு பூங்கா அறக்கட்டளை' என்று அரசு ஒன்றைத் தொடங்கியது. பூங்கா 2011இல் திறக்கப்பட்டது, தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் பெற்றது. சேறும் குப்பையுமாகக் கிடந்த கழிமுகத்தில் பறவை திரும்பி வந்தது, அதில் நமக்கும் மகிழ்ச்சிதான். இந்த அறக்கட்டளைதான் பிறகு 'சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை' ஆனது. கூவம் சீரமைப்புத் திட்டம் அதன் கைக்கு வந்தது. அந்தத் திட்டத்தில் கரையோர நடைபாதை உண்டு, பூங்கா உண்டு, ஏறத்தாழ 14 ஆயிரம் குடும்பங்களை அகற்றுவதும் உண்டு. நடைபாதையும் வெளியேற்றமும் ஒரே திட்ட அறிக்கையின் இரண்டு தலைப்புகள். சிந்தாதிரிப்பேட்டையில் மூட்டை தூக்கியவரும், எழும்பூரில் வீட்டுவேலை செய்தவரும் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல். 2000இல் தொடங்கிய கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். நகரத்தின் சேரிகள் அனைத்தையும் வாரிக் கொண்டுபோய்த் தெற்கே ஒரு மூலையில் கொட்டிய மாதிரி. அதன் பக்கத்தில்தான் பள்ளிக்கரணை சதுப்புநிலம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலகப்புகழ் பெற்றது. மழைக்காலத்தில் அந்தச் சதுப்பின் தண்ணீர் எந்தத் தரைத்தளத்துக்குள் நுழைகிறது என்று செம்மஞ்சேரித் தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு எதிர்ப்பேச்சு நமக்குத் தெரியும். கரையில் இருந்தால் வெள்ளத்தில் சாவார்களே, ஆறு சாக்கடையாகிறதே என்பார்கள். ஆற்றைச் சாக்கடையாக்கியது நகரம் முழுவதன் கழிவுநீர். அதில் குடிசையின் பங்கு எவ்வளவு இருக்க முடியும்? கழிப்பறையே கட்டித் தராத குடியிருப்பைப் பார்த்து மாசு என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் பறக்கும் சாலைக்காகக் கூவத்தின் உள்ளேயே தூண்கள் நட்டிருக்கிறார்கள். தூண் ஆக்கிரமிப்பு ஆகாது, குடிசை ஆக்கிரமிப்பு. வெள்ள ஆபத்து உண்மை. அதற்கு ஊருக்குள்ளேயே மாற்று வீடு கேட்டால் நிலம் இல்லை என்கிறார்கள். காலியான கரையில் நடைபாதை போட நிலம் இருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை அல்ல. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் செனகா என்றொரு கறுப்பின மக்களின் ஊர் இருந்தது. அடிமை முறை நாட்டில் இன்னும் ஒழியாத காலத்தில் சொந்தக் காசில் நிலம் வாங்கி, வீடும் தேவாலயமும் பள்ளியும் கட்டிக்கொண்டவர்கள். 1857இல் பூங்காவுக்காக அந்த ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். அலபாமாவின் மான்ட்கோமரியில் நடந்தது இன்னும் விசித்திரம். பூங்காவில் கறுப்பரும் நுழையலாம் என்று நீதிமன்றம் வரை போனபோது, அவர்களோடு சேர்ந்து உட்காருவதைவிடப் பூங்காவே வேண்டாம் என்று 1959இல் நகரத்தின் பூங்காக்கள் எல்லாவற்றையும் இழுத்து மூடியது நகராட்சி. நீச்சல் குளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். 1965 வரை பூங்கா மூடியே கிடந்தது, வெள்ளைக் குழந்தைகளுக்கும் சேர்த்து.

நம் ஊரில் அவ்வளவு வெளிப்படையாக யாரும் செய்வதில்லை. எந்தப் பூங்கா வாசலிலும் சாதி கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாத ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது நுழைவுச்சீட்டு. கதீட்ரல் சாலையில் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்காவுக்கு எதிரே 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தார்கள். பெரியவருக்கு 100 ரூபாய், குழந்தைக்கு 50. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் வாசலைத் தாண்டவே 300 ரூபாய். உள்ளே போனபின் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். பெரும்பாக்கத்திலிருந்து வருகிற குடும்பத்துக்கு மேற்கொண்டு பேருந்துச் செலவு, இரண்டு மணிநேரம். தனியாரிடமிருந்து மீட்ட அரசு நிலம் அது. மீட்டது பாராட்டவேண்டியது, யாருக்காக மீட்டார்கள் என்பதைச் சீட்டின் விலை சொல்கிறது.

இரண்டாவது நேரம். அதிகாலையில் திறந்து, நடைப்பயிற்சி முடிந்ததும் பூட்டி, சாயங்காலம் மறுபடி திறக்கும் பழக்கம் பல பூங்காக்களில் இன்னும் முற்றாகப் போகவில்லை. பூங்கா யாருடைய உடம்பை மனதில் வைத்து நடத்தப்படுகிறது என்பதற்கு அந்தப் பூட்டு சாட்சி. சர்க்கரை நோய்க்கு நடக்கிறவருக்குக் காலையும் மாலையும் போதும். நிழல் தேவைப்படுவது பகல் ஒரு மணிக்கு. இரண்டு வீட்டுவேலைக்கு நடுவே கால் நீட்ட இடம் தேடும் அக்காவுக்கு, சாப்பாட்டு மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் அலையும் டெலிவரி தம்பிக்கு, சித்தாளுக்கு. மாதாகோயில் திண்ணையிலும் பாலத்தடியிலும் அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். பெஞ்சின் நடுவில் கம்பி வைத்து, படுக்க முடியாதபடி செய்வதும் இதில் சேரும்.

மூன்றாவது காவலாளியின் கண். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரும் பெரும்பாலும் நம்மில் ஒருவர், ஒப்பந்தக் கூலி. ஆனால் சட்டை கசங்கிய நான்கு பையன்கள் சேர்ந்து உட்கார்ந்தால் விசாரிக்க வேண்டும் என்றும், ஓடும் காலணி போட்ட நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் வணக்கம் சொல்ல வேண்டும் என்றும் அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு பூங்காவில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வட்டமாக உட்கார்ந்திருந்த நம் மாணவர்களை, நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்று எழுப்பி அனுப்பினார்கள். வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பூங்கா விளக்குதான் படிப்பறை. சிரிப்புப் பயிற்சிக்காரர்கள் தினமும் கைகொட்டிச் சிரிப்பது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

காதலர்களைச் சொல்லாமல் விட முடியாது. ஜோடியாக உட்காரக்கூடாது என்று பலகை வைக்கும் பூங்காக்கள் உண்டு, காவலர் வந்து வீட்டுத் தொலைபேசி எண் கேட்பதும் உண்டு. இதைக் கலாச்சாரக் காவல் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். தெருவே சாதியாகப் பிரிந்திருக்கும் சமூகத்தில் இரண்டு சாதிப் பிள்ளைகள் பேசிப் பழகப் பொதுவெளி மட்டுமே உண்டு. 2015இல் கோகுல்ராஜ் திருச்செங்கோடு கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அங்கிருந்துதான் கடத்திக்கொண்டு போனார்கள். அதுவும் தாத்தாவின் பட்டியலில் வரும் பொதுமக்கள் கூடும் இடம்தான். பூங்காவில் பெண்ணின் வீட்டு எண்ணைக் கேட்டுத் தகப்பனுக்குத் தகவல் சொல்கிற காவலர், தான் எதைத் தொடங்கி வைக்கிறோம் என்று அறியமாட்டார் என்று நாம் நம்பத் தயாராக இல்லை.

காணும் பொங்கலுக்கு மட்டும் ஒரு மாற்றம் நடக்கும். மெரினா, கிண்டி சிறுவர் பூங்கா, வண்டலூர் எல்லாம் நம் சனத்தால் நிறையும். வட சென்னையிலிருந்து, செங்கல்பட்டு கிராமங்களிலிருந்து கட்டுச்சோற்றோடு வந்து இறங்குவார்கள். மறுநாள் செய்தி வரும்: மெரினாவில் இத்தனை டன் குப்பை. ஆண்டு முழுவதும் நகரம் போடும் குப்பை கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போய், நம் வீட்டுக்குப் பக்கத்தில் மலையாக நிற்கிறது. அது செய்தியல்ல. நாம் ஒருநாள் அவர்கள் பக்கம் வந்து போட்டது செய்தி. மும்பையிலும் இதேதான். டிசம்பர் 6 அன்று சைத்யபூமிக்கு வரும் லட்சக்கணக்கான மக்கள் சிவாஜி பூங்காவில் தங்குகிறார்கள், அங்கே புத்தகக் கடைகள் போடுகிறார்கள். ஒரு பூங்காவில் அத்தனை எளிய மக்கள் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் காட்சி அரிது. அக்கம்பக்கத்து மாடிவீடுகளின் பேச்சில் மிஞ்சுவது அசுத்தமும் கூட்டமும்தான்.

மாயாவதி அம்மையார் இலக்னோவிலும் நொய்டாவிலும் பெரும் பூங்காக்கள் எழுப்பியபோது நாடே கணக்குக் கேட்டது. 2012 தேர்தலின்போது யானைச் சிலைகளுக்குத் துணி போர்த்தி மூடினார்கள். கல்லும் பளிங்கும் அதிகம், மரம் குறைவு என்ற விமரிசனத்தை நாமும் ஏற்கிறோம், உச்சிவெயிலில் அந்தக் கல்தரையில் நடந்து பாருங்கள். இருந்தாலும், அண்ணல் சிலை ஊர்தோறும் கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் நாட்டில், கூண்டில்லாத அம்பேத்கரைக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க ஒரு வெளியை உண்டாக்கியதை எந்தத் தணிக்கை அறிக்கையும் கணக்கில் எடுக்காது.

கடைசியாக மீண்டும் மக்கள் பூங்கா இருந்த நிலத்துக்கு வருகிறோம். 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியாருக்குத் தாரை வார்ப்பதை எதிர்த்து ரிப்பன் கட்டட வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் நம் பெண்கள். 13 நாள் அந்த நடைபாதையில் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள், அங்கேயே தூங்கினார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் தூக்கிக் கொண்டுபோனார்கள். பொதுமக்களுக்கு இடையூறு என்பது காரணம். இந்த நகரத்தின் தெருவையும் கடற்கரையையும் நாள்தோறும் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் பொதுமக்களில் சேரவில்லை. கூட்டுவதற்கு இருக்கலாம், கூடுவதற்கு இருக்கக்கூடாது.

என்ன செய்யலாம் என்று மாணவர்கள் கேட்பார்கள். பூங்கா நுழைவுச்சீட்டை ஒழிக்கச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் போடுவது எளிது, போடுவோம். அதற்கு முன்னால் கணக்கு வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் எத்தனை பூங்கா, என்ன பரப்பு, எத்தனை மணிக்குத் திறப்பு, எத்தனை மணிக்குப் பூட்டு, பராமரிப்பு யாருடைய ஒப்பந்தம், அங்கே வேலை செய்பவருக்கு என்ன கூலி, ஓ.எஸ்.ஆருக்குப் பதிலாக வாங்கிய பணம் எந்தப் பேட்டையில் செலவானது. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வசதியான பகுதியில் வசூலான பணத்தில் வியாசர்பாடிக்கு ஒரு மைதானம் ஏன் வரக்கூடாது என்று கேட்க அதுவே பிடி. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதி வைத்திருக்கிறோம். வார்டு எண்ணை மட்டும் நிரப்பினால் போதும், பத்து ரூபாய் வில்லை ஒட்ட வேண்டும். படிகள் வெளியே புத்தக மேசையில் இருக்கின்றன. வடசென்னை வார்டுகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், தோழர்களே.